ஹைப்போ வாசம்

ஏப்ரல் 24, திங்கள்

நூல் கம்பெனிக்காரர்கள் கொடுத்த இந்த டைரியில் இதுவரை நிமிடமும் டிகிரியும்தான் எழுதியிருக்கிறேன். எந்த ஃபிலிம் ரோலுக்கு எத்தனை நிமிடம், தண்ணீர் எத்தனை சூடு, அவ்வளவுதான். இன்றைக்குக் கோபத்தை எழுதப்போகிறேன். சொல்லித் தீர்க்க வீட்டில் ஆள் இல்லை.

நாத்தனார் ருக்குமணி அண்ணி என் மகளைத் தாராபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

சம்யுக்தாவுக்கு எட்டு வயது. இந்த மாதம் இரண்டு தடவை இளைப்பு வந்தது. வீட்டில் கெமிக்கல் வாசம் ஏதாவது உண்டா என்று டாக்டர் கேட்டார். உண்டு. வீட்டில்தான் ஃபிலிம் கழுவுகிறேன். சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் காலேஜ் பிள்ளைகள் கொரியரில் ரோல் அனுப்புகிறார்கள். போன வருடத்தைவிட இந்த வருடம் இரட்டிப்பு. கை போதவில்லை என்று மார்ச்சில் ஓர் எக்ஸ்ரே சென்டர் கழித்துக்கட்டிய பிளாஸ்டிக் டிரே, டேங்க், ஜக் எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கினேன். அவற்றில்தான் வாசம். வருடக்கணக்கில் ஹைப்போ நின்று, பிளாஸ்டிக் அதைக் குடித்துவிட்டிருக்கிறது. படம் அழியாமல் ஃபிலிமில் நிற்கப் போடும் மருந்தைக் கடையில் ஃபிக்ஸர் என்பார்கள். நான் தொழில் பழகிய ஸ்டூடியோவில் அதற்கு ஹைப்போ என்றுதான் பெயர்.

அண்ணி வாசற்படியிலேயே நின்று இரண்டு தடவை மூச்சை இழுத்தார்.

“இதென்ன நாயகி, ஆசுபத்திரிக்குள்ள எலி செத்துக் கெடக்கற மாதிரி ஒரு வாசம்? இதுக்குள்ளயா புள்ளய வெச்சிருக்கறே?”

“எனக்குச் சளிங்க அண்ணி. ஒண்ணும் தெரியல” என்றேன்.

“லீவு உட்டாச்சில்ல, எங்கூட வரட்டும். வாசம் போனதுக்கப்புறம் நானே கொண்டாந்து உடறேன்.”

என் வீட்டுக்காரர் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருந்தார். பிளீச்சிங் யூனிட்டில் முப்பது பேரை மேய்க்கிற சூப்பர்வைசர். அக்கா வந்துவிட்டால் வாயில் கொழுக்கட்டை.

ஏப்ரல் 25, செவ்வாய்

சுடுதண்ணீரும் சோப்பும் போட்டு எல்லாவற்றையும் மூன்று தடவை கழுவினேன். பக்கத்துப் போர்ஷன் ஜரீனா அக்காவிடம் ஒரு டிரேயைக் கொண்டுபோனேன். அவர் பனியனுக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தார். கத்திரியைக் கீழே வைக்காமலே முகத்தைத் திருப்பிக்கொண்டார். பதில் கிடைத்துவிட்டது.

ஏப்ரல் 26, புதன்

மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டேன். ஒரு டிரே நெளிந்துவிட்டது. வாசம் நெளியவில்லையாம்.

ஏப்ரல் 28, வெள்ளி

வினிகரில் ஊறவைத்தேன். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது. “முன்னால இருந்ததே தேவலையே நாயகி, இப்பக் கண்ணு எரியுதே” என்று ஜரீனா அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். புளிப்புப் பட்டால் ஹைப்போ கந்தகத்தைக் கக்கும். எனக்குத் தெரிந்த விஷயம்தான். அவசரத்தில் புத்தி எங்கே வேலை செய்கிறது?

சமையலறைக்கும் பாத்ரூமுக்கும் மாடிக்குமாக இன்றைக்கு எத்தனை தடவை நடந்தேன் என்று தெரியவில்லை. உட்கார முடியவில்லை.

ஏப்ரல் 30, ஞாயிறு

காப்பித்தூளைக் கொட்டி மூடிவைத்துப் பார்த்தேன். எலுமிச்சம்பழத் தோலைத் தேய்த்துப் பார்த்தேன். கடைசியில் சாம்பிராணி போட்டேன். இவர் உள்ளே வந்து, “இப்ப ஆசுபத்திரிக்குள்ள கோயில் கட்டுன மாதிரி இருக்குது” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மே 3, புதன்

பருப்பு அடிப்பிடித்துப் பாத்திரமே கரியாகிவிட்டது. தெருமுனையிலேயே வாசம் வந்ததாம், இவர் ஓடிவந்தார். நான் அடுப்புக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து ரீல் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“பக்கத்துலதான இருந்தே?”

“சளிங்க.”

மே 6, சனி

சம்யுக்தா ஃபோனில் பேசினாள். “அம்மா, வாசம் போயிருச்சா?” என்றுதான் முதல் கேள்வி. பாதி போய்விட்டது என்றேன். “அத்தை ஊட்டுப் பக்கத்துலயே ஒரு ஸ்கூல் இருக்குதும்மா. ஊஞ்சல் எல்லாம் இருக்குது. அத்தை கூட்டிட்டுப் போய்க் காட்டுனாங்க” என்றாள்.

ஊஞ்சல் காட்டுகிறார்களாம். பேசி முடித்ததும் இரண்டு டேங்கை மறுபடி கழுவினேன். கைத்தோல் உரிகிறது.

மே 9, செவ்வாய்

சலவைச் சோடா கேட்கிறது. வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, டிரேக்களை மூழ்கவைத்து, தண்ணீரைத் தினமும் மாற்றி மூன்று நாள் வைத்தேன். புளிப்புக்குக் காரம். முதல் நாளே தோன்றியிருக்க வேண்டும்.

“கொறஞ்சிருக்குது” என்றார் ஜரீனா அக்கா. அந்த ஒரு வார்த்தைக்கு என்னால் நிற்க முடியவில்லை. ஜக்கைக் கொண்டுபோனேன், பிறகு டேங்க் மூடியை, பிறகு கிடுக்கியை. நாலாம் தடவை அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“எம் மூக்கென்ன வாடகைக்கா உட்டிருக்கறேன்? உனக்குச் சளி புடிச்சு எத்தன நாளாச்சு? ஒரு தும்மல் கேக்கல, ஒரு இருமல் கேக்கல. என்ன சளியோ போ.”

மே 11, வியாழன்

எழுதிவிடுகிறேன். சளி இல்லை.

இரண்டு வருடம் முன்பு ஊரெல்லாம் காய்ச்சல் வந்ததே, அப்போது எனக்கும் வந்தது. காய்ச்சல் ஐந்து நாளில் போனது. போகும்போது வாசத்தையும் எடுத்துக்கொண்டு போனது. எல்லோருக்கும் ஒரு மாதத்தில் திரும்பியது. எனக்குத் திரும்பவில்லை. காப்பியும் ஒன்றுதான், மண்ணெண்ணெயும் ஒன்றுதான். அப்போது அண்ணி ஒரு கதை சொன்னார். தாராபுரத்தில் ஒருத்திக்கு இதே மாதிரி ஆகி, கேஸ் திறந்திருப்பது தெரியாமல் தீக்குச்சியைக் கிழித்தாளாம். “மூக்குச் செத்தவ கையில அடுப்பையும் குடுத்துப் புள்ளயயும் குடுத்தா, இப்படித்தான்” என்று முடித்தார். நான் அங்கேயே காப்பியை முகர்ந்து, வந்துடுச்சுங்க அண்ணி, லேசா தெரியுது என்றேன்.

அந்த ஒரு பொய்க்குத் தினம் ஒரு பொய் தீனி போட்டுக்கொண்டிருக்கிறேன். பால் திரிந்ததா என்று நாக்கில் வைத்துப் பார்ப்பேன். கேஸ் குழாய்க்குச் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பேன். இவர் எதையாவது நீட்டி மணம் எப்படி என்றால் ம்ம் என்பேன்.

இந்த மூக்கை வைத்துக்கொண்டு வாசம் போக்கப் புறப்பட்டிருக்கிறேன். வாசம் போனால்தான் மகள் வருவாள். மூக்கு இல்லை என்று தெரிந்தால் மகள் வரவே மாட்டாள்.

மே 12, வெள்ளி

நேற்று எழுதியதைக் கிழிக்கலாம் என்று பார்த்தேன். பின்பக்கத்தில் டெவலப்பர் நிமிடங்கள் இருக்கின்றன.

மே 18, வியாழன்

சோடாத் தண்ணீர், பிறகு நல்ல தண்ணீர், பிறகு ஒவ்வொன்றுக்குள்ளும் கசக்கிய பேப்பரும் அடுப்புக்கரியும். நாலு நாள் மாடி நிழலில் காற்றாட வைத்தேன். ஜரீனா அக்கா ஒவ்வொரு சாமானாக எடுத்து, நகைக்கடையில் உரசிப் பார்க்கிறவர் போல நிதானமாக முகர்ந்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“ஒண்ணுமில்ல. பிளாஸ்டிக் வாசந்தான் அடிக்குது. போதுமா?”

கட்டிப்பிடித்துவிட்டேன். அவர் சேலையெல்லாம் பிசிறு, எனக்கும் ஒட்டிக்கொண்டது. உடனே அண்ணிக்கு ஃபோன் போட்டேன். அடுத்த ஞாயிறு, இருபத்தெட்டாம் தேதி, பிள்ளையைக் கூட்டிவந்து பார்க்கிறேன் என்றார். பார்க்கிறாராம்.

மே 22, திங்கள்

கழுவிய சாமானில் மருந்து ஊற்றி ஒரு ரோல் ஓட்டிப் பார்க்காமல் ஊரார் ஃபிலிமைத் தொட முடியாது. ஹைப்போ தீர்ந்துவிட்டது. கொரியரில் வர பத்து நாளாகுமாம். சாப்பிடும்போது புலம்பினேன்.

“ஹைப்போவா?” என்றார் இவர். “எங்க யூனிட்ல பேரல் பேரலாக் கெடக்குதே. ஒரு கேன் கொண்டாரட்டுமா?”

“உங்க ஹைப்போவும் எங்க ஹைப்போவும் ஒண்ணுதானுங்களா?”

“ஹைப்போன்னா ஹைப்போதான. அதுல என்ன ரெண்டு?”

துணியை வெளுத்தபின் குளோரினை எடுக்க ஹைப்போ போடுவார்கள் என்று ஸ்டூடியோவில் யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதுதான் இது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன்.

மே 24, புதன்

கேன் வந்துவிட்டது. மேலே மார்க்கர் பேனாவில் ‘ஹைப்போ’ என்று இவருடைய கோழிக்கிறுக்கல்.

மே 30, செவ்வாய்

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை இன்றைக்குத்தான் எழுத முடிகிறது. ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். சம்யுக்தா தூங்குகிறாள். மூச்சு சீராக இருக்கிறது. நாளை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அவர்கள் பதினோரு மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். கை சும்மா இருக்கவில்லை, சோதனை ரோலை ஓட்டிவிடலாம் என்று ஒன்பதரைக்குப் பாத்ரூமில் ஆரம்பித்தேன். சித்திரையில் மாடியில் வைத்து சம்யுக்தாவை எடுத்த ரோல் அது. படத்தை வரவைக்கும் டெவலப்பர் ஊற்றினேன். அதை நிறுத்த வினிகர்த் தண்ணீர் ஊற்றினேன். அந்த வினிகரை வழக்கம்போலக் கழிவு பக்கெட்டில் கொட்டினேன். பக்கெட்டில் முன்பு சாமான் ஊறவைத்த வினிகரும் கிடந்தது. பிறகு கேனைத் திறந்து ஹைப்போவை டேங்கில் ஊற்றினேன். ஐந்து நிமிடம் ஆட்டினேன். ஃபிலிமை எடுத்துப் பார்த்தால் ஒன்றும் இல்லை. பிள்ளை இல்லை, மாடி இல்லை, வெறும் கண்ணாடித்தாள். இது என்ன கூத்து என்று யோசித்துக்கொண்டே, டேங்கில் இருந்ததையும் ஜக்கில் மீதி இருந்ததையும் அதே பக்கெட்டில் கொட்டினேன்.

கண் எரிந்தது. தொண்டை பிடித்துக்கொண்டு இருமல் வந்தது. வினிகர் எரிச்சல் என்று நினைத்தேன். அந்த நேரம் பார்த்து, சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே, வாசலில் அண்ணி குரல். பாத்ரூம் கதவைத் திறந்துபோட்டுவிட்டு வெளியே வந்தேன். “அம்மா, எல்லாம் புதுசாட்ட ஆயிருச்சா?” என்று சம்யுக்தா என் கைக்கு அடியில் புகுந்து நேராகப் பாத்ரூமுக்குள் ஓடினாள்.

அண்ணி வாசற்படியைத் தாண்டவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு, “நாயகி, என்ன எழவு இது, பிளீச்சிங்” என்று கத்தினார். ஜரீனா அக்கா கத்திரியோடு ஓடிவந்தார். நான் ஒருத்திதான் என்ன கத்துகிறார்கள் என்று புரியாமல் நின்றேன். உள்ளே இருமல் கேட்டது, பிறகு இருமல் நின்றுபோனது. அப்போதுதான் ஓடினேன். தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது பிள்ளையின் உதடு நீலமாக இருந்தது.

இதற்கு மேல் எழுத வரவில்லை.

மே 31, புதன்

வீட்டுக்கு வந்துவிட்டோம். அண்ணி வீட்டுக்குள் வரவில்லை. காரிலேயே பிள்ளையைத் தாராபுரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். சம்யுக்தா பின்கண்ணாடி வழியாகக் கையாட்டினாள்.

ஜூன் 1, வியாழன்

எல்லோருக்கும் காரணம் கிடைத்துவிட்டது. ஒரே பெயரில் இரண்டு மருந்து. நான் ஹைப்போ என்பது ஃபிக்ஸர். பிளீச்சிங் யூனிட்டில் ஹைப்போ என்பது துணி வெளுக்கிற குளோரின் தண்ணீர். ஃபிலிமை வெளுத்ததும் அதுதான். வினிகர் மேல் அதைக் கொட்டினால் விஷப்புகை கிளம்பும். டாக்டரே சொன்னார், பெயரால் வந்த விபத்து என்று.

இவர் டாக்டரிடம், “நான்தானுங்க சார் கொண்டாந்தேன். அவ கேட்டா, ரெண்டும் ஒண்ணுதானான்னு. நான்தான் ஒண்ணுதான்னேன்” என்று கையைக் கட்டிக்கொண்டு சொன்னார். அண்ணி வராண்டாவில் ஆள் பார்க்கத் தம்பியைத் திட்டினார். “பதினஞ்சு வருசமா அதுலயே கெடக்கறே. எதுல எதக் கொட்டுனா என்னாகும்னு ஊட்டுல சொல்லத் தெரியலியா? பெத்த புள்ளயக் கொன்னிருப்பியேடா மயிலு.” அவர் தலையைத் தூக்கவில்லை.

நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்தக் கேன் மூடியைத் திறந்தவுடனே, மூக்குள்ள எவளும் அது என்னவென்று தெரிந்துகொண்டிருப்பாள். ஊற்றியிருக்கவே மாட்டாள். இதை நான் சொல்லவில்லை.

ஜூன் 4, ஞாயிறு

இவர் சாப்பிடுவதில்லை. தட்டில் பிசைகிறார், கையைக் கழுவுகிறார். எல்லாக் கேனையும் பாட்டிலையும் வெளியே எடுத்து, ஒவ்வொன்றிலும் பெரிய எழுத்தில் முழுப்பெயர் எழுதி ஒட்டிக்கொண்டிருக்கிறார். சமையலறை எண்ணெய் பாட்டிலில்கூட ‘தேங்காய் எண்ணெய்’ என்று ஒட்டியிருக்கிறது.

ஜூன் 7, புதன்

வெயிலுக்காகப் பள்ளி திறப்பைப் பதினாலாம் தேதிக்குத் தள்ளிவிட்டார்கள். இவர் பள்ளிக்குப் போய் டீசி வாங்க விண்ணப்பப் பாரம் கொண்டுவந்திருக்கிறார். அண்ணி தாராபுரத்துப் பள்ளியில் இடம் சொல்லிவைத்துவிட்டாராம்.

“அக்கா சொல்றதுதான் சரி நாயகி. நம்மகிட்ட இருந்தா, நானே அந்தப் புள்ளய எதுலயாவது கொண்டுபோய் உட்டுருவேன்.”

பாரம் மேசைமேல் இருக்கிறது. தந்தை கையெழுத்து போட்டாயிற்று. தாய் கையெழுத்துக்கு இடம் காலி.

ஜூன் 8, வியாழன்

சொன்னால் பிள்ளை போய்விடும். சொல்லாவிட்டாலும் போகத்தான் போகிறது. காலையிலிருந்து இதையே திருப்பித் திருப்பி யோசிக்கிறேன். மாடிக்கு ஆறு தடவை ஏறி இறங்கினேன். காயப்போட்ட துணி எதுவும் அங்கே இல்லை.

ஜூன் 9, வெள்ளி

சொல்லிவிட்டேன்.

காலையில் இட்லி வைத்தேன். அவர் ஒன்றைப் பிய்த்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளிக்கொண்டிருந்தார். பொறுக்க முடியவில்லை.

“நீங்க ஹைப்போன்னு சொன்னதால வரலீங்க அது. மூடியைத் தொறந்தாப் பச்சப்புள்ளைக்கும் தெரிஞ்சிருக்கும் அது பிளீச்சிங்னு. எனக்குத் தெரியல. எனக்கு வாசமே தெரியாது. ரெண்டு வருசமா.”

“சளின்னியே.”

“சளி இல்லீங்க.”

நம்பவில்லை. எழுந்து போய்ப் பெருங்காய டப்பாவைக் கொண்டுவந்தார். கண்ணை மூடச் சொல்லி மூக்குக்குக் கீழே வைத்தார். “இது?” என்றார். பிறகு வேறு எதையோ வைத்தார். “இது?” மூன்றாவது, நாலாவது.

“என்னத்த வெச்சாலும் ஒண்ணுதானுங்க” என்றேன்.

கண்ணைத் திறந்தபோது தரையில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் டப்பாக்கள்.

“பத்து நாளா நான் சோறு திங்கல நாயகி. அக்கா அத்தன பேரு முன்னால என்னைப் பேசுச்சு. நீ பாத்துட்டே இருந்தே.”

“இருந்தேனுங்க.”

“எப்படி மனசு வந்துச்சு?”

என்ன சொன்னாலும் அது இன்னொரு பொய்யாகத்தான் இருந்திருக்கும். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். பாரம் மேசைமேலேயே கிடந்தது.

மத்தியானம் அண்ணிக்கு நானே ஃபோன் போட்டுச் சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு ஃபோனை வைத்துவிட்டார்.

ஜூன் 10, சனி

இவர் பேசவில்லை. ஆனால் சாப்பிட்டார்.

ஜூன் 11, ஞாயிறு

அண்ணி தனியாக வந்தார். உள்ளே வந்து உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, என்னை எதிரே உட்காரச் சொன்னார்.

“ஏன் முன்னாலயே சொல்லல?”

“சொன்னாப் புள்ளய எடுத்துக்குவீங்கன்னு பயந்துட்டனுங்க அண்ணி. மூக்குச் செத்தவன்னு அன்னிக்கு நீங்கதான் சொன்னீங்க.”

“ஆமா, சொன்னேன். என் வாயி அப்படித்தான். அதுக்காக?” என்றார். “கண்ணு தெரியாதவ புள்ள பெத்து வளக்கறதில்லியா? வளக்கறா. ஆனா எனக்குக் கண்ணு தெரியாதுன்னு சொல்லிட்டு வளக்கறா. நீ பாக்கறவளாட்டம் நடிச்சிட்டு ரோட்டுல புள்ளய நடத்திட்டுப் போயிருக்கறே.”

அழுதுவிட்டேன். அவர் தேற்றவில்லை. அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, டீசி பாரம் எங்கே என்று கேட்டார். உயிர் போய்விட்டது எனக்கு. எடுத்துக் கொடுத்தேன். வாங்கி நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“இது எங்கிட்ட இருக்கட்டும். பள்ளிக்கூடம் தொறக்கறன்னிக்குப் புள்ளய அனுப்பறேன். ஃபிலிம் கழுவற வேல இந்த ஊட்டுக்குள்ள இனி ஆகாது. மருந்து பாட்டலு எதையும் மயிலு மோந்து பாக்காம நீ தொறக்கப்படாது. இன்னொரு தடவ மறைச்சேன்னு தெரிஞ்சா இந்தப் பாரத்த நானே குடுத்துப்போடுவேன்.”

சரிங்க என்றேன். புறப்படும்போது தம்பியின் முன்னால் நின்றார். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. “நேரத்துக்குத் தின்னு” என்று மட்டும் சொன்னார்.

ஜூன் 13, செவ்வாய்

ஜரீனா அக்காவுக்கு மாடியில் ஒரு ஓட்டு அறை சும்மா கிடந்தது. சாமானையெல்லாம் அங்கே ஏற்றினோம். இவர் சமையலறையில் கேஸ் கசிந்தால் கூவுகிற கருவி ஒன்றை மாட்டினார். சோதித்துப் பார்த்தபோது தெருவே எட்டிப் பார்த்தது.

ஜூன் 14, புதன்

வந்துவிட்டாள். காலையில் அண்ணியின் காரிலிருந்து சீருடையோடு இறங்கி நேராகப் பள்ளிக்கே போனாள். சாயங்காலம் வந்ததும், “உனக்கு ஒண்ணுமே தெரியாதாம்மா? எம் மேல அடிக்கற வாசம்கூட?” என்று கேட்டாள். தெரியாது கண்ணு என்றேன். அப்போ இனிமேல் தினமும் குளிக்க வேண்டாம் என்றாள். முதுகில் ஒன்று வைத்தேன்.

ஜூன் 17, சனி

மூன்று நாளாக இவர் எதையோ கேட்க வந்து கேட்காமல் போய்க்கொண்டிருந்தார். இன்றைக்குச் சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, வாசலிலேயே நின்றார்.

“ஒண்ணு கேக்கறேன். மறைக்காமச் சொல்லோணும்.”

“கேளுங்க.”

“அப்ப எம் மேல அடிக்கற பிளீச்சிங் வாசமும் உனக்குத் தெரியாதா?”

“தெரியாதுங்க.”

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டார், பிறகு கையில் எடுத்துக்கொண்டார்.

“பஸ்ல சீட்டு காலியா இருந்தாலும் எம் பக்கத்துல ஆரும் உக்கார மாட்டாங்க. நான் போனா அக்காகூடச் சன்னலத் தொறந்து உடும். டாக்டரு கெமிக்கல் வாசமான்னு கேட்டப்ப, என்னையத்தான் சொல்றாருன்னு நெனச்சேன். நீ ஒருத்திதான் ஒரு நாளும் ஒண்ணுஞ் சொன்னதில்ல. சட்ட கழட்டறதுக்குள்ள பக்கத்துல வந்து உக்காருவே. பொறுத்துக்கறாளே மகராசின்னு இருந்தேன். பாத்தா உனக்கு மூக்கே இல்லைங்கறே.”

எனக்கு அழுகை முட்டியது. கோபமும் வந்தது. எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் வரும்.

“மூக்குப் போயி ரெண்டு வருசந்தானுங்க. நமக்குக் கலியாணமாகிப் பதினொண்ணு.”

அவருக்குப் புரியவில்லை.

“மீதி ஒம்போது வருசம் எனக்கு நல்லாவே தெரிஞ்சுது. அப்பவும் பக்கத்துலதான உக்காந்தேன்.”

துண்டை நாலாக மடித்தார். பிறகு மெதுவாக, “ரொம்ப அடிச்சுதா?” என்று கேட்டார்.

“கொமட்டும்” என்றேன்.

சிரித்தார். இருபது நாளுக்கு அப்புறம். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அப்பா ஏன் சிரிக்கிறார் என்று சம்யுக்தா உள்ளேயிருந்து கேட்டாள். நீயே வந்து கேள் என்றேன்.